வாகனக் காப்பீட்டில் முதுமைப் பாகுபாட்டின் வரலாறு

வாகனக் காப்பீட்டில் முதுமைப் பாகுபாடு என்பது, ஓட்டுநரின் வயது முதிர்ந்துள்ளது என்ற காரணத்தைக் கொண்டே காப்பீட்டு நிறுவனம் கூடுதல் கட்டணம் கேட்பதையோ காப்பீடு தர மறுப்பதையோ குறிக்கும். வயதைக் காரணம் காட்டி ஒருவரை வேறுபடுத்தி நடத்தக்கூடாது என்று பல நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. ஆனால் அதே சட்டங்களில் காப்பீட்டுத் துறைக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அந்த விலக்கின் எல்லை எது, அதற்கு உரிய சான்றை யார் காட்ட வேண்டும் என்பவை பற்றி நடந்த வழக்குகளும் உடன்பாடுகளுமே இவ்வரலாற்றின் பெரும்பகுதி ஆகும்.

முதியவருக்கு இது வெறும் பணச்செலவு பற்றிய சிக்கல் அன்று. காப்பீடு இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டுவது குற்றம். எனவே காப்பீடு கிடைக்காத ஒருவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருந்தும் பயன் இல்லை. பேருந்து வராத ஊரில் வாழ்பவருக்கு மருத்துவமனை, கடைத்தெரு, உறவினர் வீடு ஆகிய எல்லாமே எட்டாத தொலைவுக்குப் போய்விடும்.

கட்டாயக் காப்பீட்டின் தோற்றம்

ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1925ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், 1927 சனவரி 1 முதல் வாகனக் காப்பீட்டைக் கட்டாயம் ஆக்கியது. பிரித்தானியாவில் 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயம் ஆக்கியது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கான பிரிவுகள் இடம்பெற்றன. அவை 1946 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

இச்சட்டங்களின் நோக்கம் வண்டி வைத்திருப்பவரைக் காப்பது அன்று. வண்டியில் அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்கச் செய்வதே ஆகும். மோதியவர் ஏழையாக இருந்தாலும் அடிபட்டவர் கைவிடப்படக்கூடாது என்பது அவற்றின் அடிப்படை. ஆனால் காப்பீட்டைக் கட்டாயம் ஆக்கிய அரசுகள், அதனை விற்கும் பொறுப்பைப் பெரும்பாலான நாடுகளில் தனியார் நிறுவனங்களிடமே விட்டன. யாருக்கு விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பதை அந்நிறுவனங்கள் முடிவு செய்தன. இதனால், உரிமம் வழங்கும் அதிகாரம் அரசிடம் இருந்தபோதும், உண்மையில் யார் வண்டி ஓட்டலாம் என்பதில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பங்கு ஏற்பட்டது. முதுமைப் பாகுபாடு பற்றிய சிக்கல் இந்த இடத்தில்தான் வேர்விட்டது.

வயது ஓர் அளவுகோலானது

தொடக்க காலத்தில் காப்பீட்டுக் கட்டணம் பெரும்பாலும் வண்டியைப் பொறுத்தே அமைந்தது. வண்டியின் திறன், அதன் மதிப்பு, அது நிறுத்தப்படும் ஊர், சொந்தப் பயன்பாடா தொழில் பயன்பாடா ஆகியவை பார்க்கப்பட்டன. பிரித்தானியாவில் முதன்மையான நிறுவனங்கள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டு ஒரே கட்டணப் பட்டியலைப் பின்பற்றின. இந்த முறை 1960களின் இறுதியில் முடிவுக்கு வந்தது. அதன்பின் ஒவ்வொரு நிறுவனமும் தன் விலையைத் தானே கணக்கிட்டது. கணினியின் வருகையால், பல காரணிகளை ஒன்றாக வைத்துக் கணக்கிடுவதும் எளிதாயிற்று.

அக்காரணிகளுள் வயது முதன்மை பெற்றதற்குக் காரணம் உண்டு. அது உரிமத்திலேயே எழுதப்பட்டுள்ளது. மாற்றிச் சொல்வது கடினம். அதை அறிந்துகொள்ள நிறுவனத்துக்குச் செலவே இல்லை. ஒருவர் எவ்வளவு கவனமாக ஓட்டுகிறார் என்பதை அறிவதோ கடினம். எனவே, அறியக் கடினமான ஒன்றுக்குப் பதிலாக, அறிய எளிதான ஒன்று அளவுகோல் ஆக்கப்பட்டது.

வயதையும் இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் வரைபடமாக வரைந்தால் அது தூளி போன்ற வடிவில் அமையும். இளைஞர் பக்கம் கோடு மிக உயர்ந்து இருக்கும்; நடுவயதில் தாழும்; முதுமையில் மீண்டும் ஏறும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் உள்ளவர்கள் பொதுவாக மிகக் குறைந்த கட்டணம் செலுத்துபவர்கள். பிரித்தானியாவின் சாகா நிறுவனம் இதற்கு எடுத்துக்காட்டு. சிட்னி டி ஆன் என்பவர் 1951ஆம் ஆண்டில் போக்ஸ்டன் நகரில் ஓய்வு பெற்றோருக்கான விடுமுறைப் பயணங்களை ஏற்பாடு செய்யத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த இந்நிறுவனம், பின்னர் 50 வயதைக் கடந்தோருக்கென்றே காப்பீடும் விற்றது. அதாவது, வயது எப்போதும் முதியவருக்கு எதிராகவே வேலை செய்தது என்று சொல்வதற்கில்லை. அறுபதில் சலுகை தந்த அதே அளவுகோல், எழுபதுகளுக்குப் பிறகு திசை மாறுகிறது.

புள்ளிவிவரங்கள் காட்டுவதும் மறைப்பதும்

வயது ஏற ஏறப் பார்வைக் கூர்மையும் எதிர்வினை வேகமும் குறைவது உண்மை. குறுக்குச் சாலைகளில், எதிரே வரும் வண்டிகளைக் கடந்து திரும்பும்போது முதியவர்கள் தடுமாறுவது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டுள்ளது. எனினும் முதியவர்கள் ஓட்டுவதன் இடரை அளப்பதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, ஓட்டும் தொலைவு பற்றியது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒருவர் ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுகிறார், மற்றவர் 3,000 கி.மீ. ஓட்டுகிறார். இருவருக்கும் பத்தாண்டுகளில் ஒரு விபத்து நேர்கிறது. ஆண்டுக் கணக்கில் இருவரும் சமம். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் முதலாமவருக்கு 1,50,000 கி.மீ.க்கு ஒரு விபத்து. இரண்டாமவருக்கு 30,000 கி.மீ.க்கு ஒரு விபத்து. இரண்டாமவர் ஐந்து மடங்கு ஆபத்தானவர் போலத் தோன்றுவார். மேலும், நெடுந்தொலைவு செல்பவர்கள் பெரும்பாலும் விபத்துக் குறைவான விரைவுச்சாலைகளில் ஓட்டுகிறார்கள். குறைவாக ஓட்டுபவர்களோ சந்திப்புகள் நிறைந்த ஊர்த் தெருக்களிலேயே ஓட்டுகிறார்கள். கலிபோர்னியாவில் மோட்டார் வாகனத் துறையில் ஆய்வாளராக இருந்த மேரி சான்கே 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், குறைவாக ஓட்டும் பிரிவினரின் இடர் இவ்வாறு மிகைப்படுத்தப்படுவதைச் சுட்டிக்காட்டினார். முதியோரில் பலர் இந்தப் பிரிவில் அடங்குவர்.

இரண்டாவது, உடல் தளர்ச்சி பற்றியது. ஒரே அளவு மோதலில் இளைஞர் காயத்தோடு தப்பலாம். முதியவர் இறக்க நேரலாம். குவோகுவா லீ, எலிசா பிரேவர், லீகுய் சென் ஆகியோர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதனைக் கணக்கிட்டது. ஓட்டும் தொலைவை வைத்துப் பார்க்கும்போது முதிய ஓட்டுநர்களிடம் காணப்படும் கூடுதல் இறப்பு விகிதத்தில், வயதுப் பிரிவையும் பாலினத்தையும் பொறுத்து, 60 முதல் 95 விழுக்காடு வரை உடல் தளர்ச்சியால் விளைவது என்று அது கண்டது. முதியோர் இறப்பு எண்ணிக்கையைக் காட்டி, அவர்கள் பிறருக்கு ஆபத்தானவர்கள் என்று முடிவு கட்ட முடியாது என்பது இதன் பொருள்.

காப்பீட்டு நிறுவனங்களின் வாதத்திலும் பொருள் இல்லாமல் இல்லை. முதியவர் ஓட்டும் வண்டியில் உடன் செல்பவரும் பெரும்பாலும் முதியவரே. அவருக்கு ஏற்படும் காயம் கடுமையாக இருந்தால் இழப்பீடும் கூடும். மிக முதிர்ந்த வயதில் கோரிக்கைகள் உயர்வதையும் மறுக்க இயலாது. ஆனால் ஒரு வயதுப் பிரிவின் சராசரி, அப்பிரிவைச் சேர்ந்த எல்லாரையும் பற்றிய உண்மை ஆகாது. எண்பது வயதுடைய இருவரின் உடல்நிலை, முப்பது வயதுடைய இருவரின் உடல்நிலையைவிட மிகுதியாக வேறுபட்டிருக்கும்.

வயதை விலக்கிய மாநிலங்கள்

வட அமெரிக்காவின் சில பகுதிகள் வயதை அளவுகோலாகக் கொள்வதையே தடுத்தன. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1940களிலும், மானிட்டோபா மாகாணத்தில் 1971ஆம் ஆண்டிலும் அரசே வாகனக் காப்பீட்டை நடத்தத் தொடங்கியது. இவ்விரு மாகாணங்களின் அரசு நிறுவனங்களும் இன்று அடிப்படைக் கட்டணத்தை வயதைக் கொண்டு நிர்ணயிப்பதில்லை. ஓட்டுநரின் நடத்தைப் பதிவையே கொள்கின்றன.

ஐக்கிய அமெரிக்காவில் ஹவாய், வட கரொலைனா ஆகிய மாநிலங்கள் 1970களில் வயதையும் பாலினத்தையும் கட்டணக் கணக்கிலிருந்து நீக்கின. வட கரொலைனாவில் வயதுக்குப் பதிலாக ஓட்டும் அனுபவக் குறைவு கணக்கில் கொள்ளப்பட்டது. மாசச்சூசெட்ஸ் மாநிலம் வயதை விலக்கியதோடு நில்லாமல், 65 வயது நிரம்பியோருக்கு 25 விழுக்காடு தள்ளுபடியும் அளித்தது.

கலிபோர்னியாவில் 1988 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் 103ஆம் முன்மொழிவு நிறைவேறியது. கட்டணம் முதலாவதாக ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவையும், இரண்டாவதாக ஆண்டுக்கு ஓட்டும் தொலைவையும், மூன்றாவதாக ஓட்டும் அனுபவ ஆண்டுகளையும் பொறுத்து, அந்த வரிசையிலேயே அமைய வேண்டும் என்று அது விதித்தது. நல்ல ஓட்டுநருக்குக் குறைந்தது 20 விழுக்காடு தள்ளுபடி தரவும் ஆணையிட்டது. முதல் இரண்டு காரணிகளும் ஓட்டுநரின் கையில் உள்ளவை. கவனமாக ஓட்டலாம், குறைவாக ஓட்டலாம். பிறந்த ஆண்டை மட்டும் யாராலும் மாற்ற முடியாது.

வயதை விலக்குவதால் எல்லாருக்கும் விலை குறைந்துவிடாது. ஒரு பிரிவின் கூடுதல் செலவை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். இம்மாநிலங்கள் அதனை அறிந்தே அவ்வாறு முடிவு செய்தன.

கனடா உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 1992

வயதை அளவுகோலாகக் கொள்வது சரியா என்ற கேள்வி, ஓர் இளைஞரின் வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஒன்றாரியோ மாகாணத்தில் மணமாகாத 20 வயது ஆண் ஒருவர், தம்மிடம் கூடுதல் கட்டணம் பெறுவது பாகுபாடு என 1983ஆம் ஆண்டில் முறையிட்டார். சூரிச் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒன்றாரியோ மனித உரிமை ஆணையத்துக்கும் இடையிலான இவ்வழக்கில் 1992ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சோப்பிங்கா இரண்டு சோதனைகளை வகுத்தார். ஒன்று, அந்த வழக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்ட நல்ல காப்பீட்டு நடைமுறையைச் சார்ந்திருக்க வேண்டும். மற்றொன்று, அதற்கு நடைமுறைக்கு ஏற்ற மாற்று வழி இல்லாதிருக்க வேண்டும். அன்றைய நிலையில் இவ்விரண்டும் நிறைவேறின எனக் கூறி நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கப்பட்டது. மாற்று வழி இல்லை என்பதை நிறுவனம் மெய்ப்பிக்கவில்லை என்று நீதிபதிகள் லூரூ-டூபே, மக்லாக்லின் இருவரும் மாறுபட்டனர். வேறு காரணிகளைப் பற்றிய தரவைத் திரட்டாமல் இருந்துவிட்டு, மாற்று இல்லை என்று சொல்வது எப்படிப் பொருந்தும் என்பதே மாறுபட்ட தீர்ப்பின் சாரம்.

இளைஞரைப் பற்றியதாயினும், இவ்வழக்கு எழுப்பிய வினா முதியவருக்கும் பொதுவானது. பல ஆண்டுகளாகப் பின்பற்றப்படுகிறது என்பதே ஒரு வழக்கத்துக்குச் சான்றாகுமா?

அயர்லாந்து: மறுப்புக்குச் சான்று கேட்ட தீர்ப்பாயம்

அயர்லாந்தின் 2000ஆம் ஆண்டுச் சம நிலைச் சட்டம், பொருள்களும் சேவைகளும் வழங்குவதில் வயதுப் பாகுபாட்டைத் தடை செய்தது. காப்பீட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் காட்டப்படும் வேறுபாடு, நம்பத்தகுந்த கணக்கியல் தரவு, புள்ளிவிவரம் போன்றவற்றைச் சார்ந்ததாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் கூறியது.

இவ்விதி 2003ஆம் ஆண்டில் சோதனைக்கு உள்ளானது. 77 வயதான ஒருவர் தம் காருக்குக் காப்பீட்டு விலை கேட்டார். 70 வயதைக் கடந்த புதிய வாடிக்கையாளருக்கு விலை சொல்வதில்லை என நிறுவனம் மறுத்தது. சமத்துவத் தீர்ப்பாயம் இதனைப் பாகுபாடு என முடிவு செய்தது. கூடுதல் இடருக்குக் கூடுதல் கட்டணம் கேட்பது வேறு. ஒருவரின் ஓட்டுநர் பதிவைப் பார்க்காமலேயே, வயதைக் கேட்டதும் கதவை மூடுவது வேறு. பின்னதற்கு நிறுவனம் போதிய சான்று காட்டவில்லை. சட்டத்தில் விலக்கு இருந்தாலும், அந்த விலக்கைப் பயன்படுத்துபவரே அதற்கான தரவைக் காட்ட வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

பிரித்தானியா: சட்டமும் உடன்பாடும்

பெரிய பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வயதையும் பாதுகாக்கப்பட்ட பண்புகளுள் ஒன்றாகச் சேர்த்தது. சேவைகள் வழங்குவதில் வயதுப் பாகுபாட்டுக்கான தடை 2012 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போதே நிதிச் சேவைகளுக்கு விலக்கு அளிக்கும் ஆணையும் சேர்ந்து வந்தது. இடரை மதிப்பிடும்போது பயன்படுத்தும் தகவல், அம்மதிப்பீட்டுக்குத் தொடர்புடையதாகவும் நம்பத்தகுந்த மூலத்திலிருந்து பெற்றதாகவும் இருக்க வேண்டும் என்பதே விலக்குக்கான நிபந்தனை.

இதற்கு முன்பாக, 2012 ஏப்ரலில் அரசும் பிரித்தானியக் காப்பீட்டாளர் சங்கமும் பிரித்தானியக் காப்பீட்டுத் தரகர் சங்கமும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. வாகனக் காப்பீடு, பயணக் காப்பீடு ஆகிய இரண்டும் அதில் அடங்கும். வயது வரம்பு காரணமாக ஒருவருக்குக் காப்பீடு தர இயலாத நிறுவனம் அவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. அவருக்குக் காப்பீடு தரக்கூடிய வேறு நிறுவனத்தையோ தரகர் சேவையையோ காட்ட வேண்டும். வயதுக்கும் இழப்பீட்டுச் செலவுக்கும் உள்ள தொடர்பு பற்றிய தொகுப்புத் தரவையும் காப்பீட்டாளர் தரப்பு வெளியிட வேண்டும்.

இவ்வுடன்பாடு விலையைக் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் மறுக்கப்பட்டவருக்கு அடுத்த வழியைக் காட்டுவதைக் கடமையாக்கியது.

பாலினமும் வயதும்

இதே காலத்தில் பாலினம் தொடர்பான வழக்கு வேறு விதமாக முடிந்தது. பெல்சியத்தின் நுகர்வோர் அமைப்பான தெஸ்து-அசா தொடர்ந்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச் 1 அன்று தீர்ப்பளித்தது. ஆண் பெண் என்ற அடிப்படையில் காப்பீட்டுக் கட்டணத்தை வேறுபடுத்த இடமளித்த காலவரையற்ற விலக்கு செல்லாது என அது கூறியது. 2012 திசம்பர் 21 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய காப்பீடுகளில் பாலின வேறுபாடு நீக்கப்பட்டது. இளம் ஆண்களைவிட இளம் பெண்களின் விபத்துச் செலவு குறைவு என்பதற்குப் புள்ளிவிவரம் இருந்தும் இது நடந்தது.

வயதுக்கு அவ்வாறு நடக்கவில்லை. வேலைவாய்ப்புக்கு அப்பாலும் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் ஐரோப்பிய வரைவு 2008ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டும் ஆண்டுக்கணக்கில் நிறைவேறாமல் நின்றது. அந்த வரைவிலும் நிதிச் சேவைகளுக்கு இடம் விடப்பட்டிருந்தது. எல்லாரும் இளமையையும் முதுமையையும் கடந்து செல்பவர்களே, ஆகையால் வயது வேறுபாடு வாழ்நாள் முழுவதும் பார்த்தால் சமன்பட்டுவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு, நாற்பது வயதில் குறைவாகக் கட்டியது இன்றைய செலவுக்கு உதவாது.

புதுப்பித்தலில் ஏறிய விலை

வயதை நேரடியாகக் கேட்காமலும் முதியவரிடம் கூடுதல் விலை பெற முடியும். பிரித்தானியாவில் புதிய வாடிக்கையாளருக்குக் குறைந்த விலை சொல்லி, பின்னர் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும்போது விலையை ஏற்றும் வழக்கம் இருந்தது. நிறுவனம் மாறாமல் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருப்போரே இதனால் இழந்தனர். இணையத்தில் விலைகளை ஒப்பிட்டுப் பார்க்காத முதியோர் பலர் அவர்களுள் அடங்குவர்.

இதனை ஆராய்ந்த நிதி நடத்தை ஆணையம், 2018ஆம் ஆண்டில் வீடு, வாகனக் காப்பீடுகளில் 60 இலட்சம் பேர், தம் இடருக்கு ஏற்ற சராசரி விலையைக் கட்டியிருந்தால் 120 கோடி பவுண்டு மிச்சமாகியிருக்கும் என மதிப்பிட்டது. 2022 சனவரி 1 முதல், புதுப்பிக்கும் வாடிக்கையாளரிடம் அதே முறையில் வரும் புதிய வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலையைவிடக் கூடுதலாகக் கேட்பது தடை செய்யப்பட்டது.

ஓட்டும் முறையை அளக்கும் கருவிகள்

வயது அளவுகோல் ஆனதற்குக் காரணம், ஓட்டும் முறையை அளக்க வழி இல்லாமையே. இன்று வண்டியில் பொருத்தும் கருவியும் கைப்பேசிச் செயலியும் வேகம், பிரேக் பிடிக்கும் முறை, ஓட்டும் நேரம், தொலைவு ஆகியவற்றைப் பதிவு செய்கின்றன. பிரித்தானியாவின் நார்விச் யூனியன் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் இத்தகைய காப்பீட்டைத் தொடங்கி 2008ஆம் ஆண்டில் கைவிட்டது. பின்னர் கருவிகளின் விலை குறைந்ததால் இம்முறை பரவியது. கனடா உச்ச நீதிமன்றம் 1992இல் தேடிய மாற்று வழி இப்போது ஓரளவு கைக்கு வந்துள்ளது. இதில் முதியவருக்கு நன்மையும் உண்டு. நாள் முழுதும் கண்காணிக்கப்படும் சங்கடமும் உண்டு.

இந்தியாவில் நிலை

இந்தியாவில் கார்களுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணம் அரசால் அறிவிக்கப்படுகிறது. அது எஞ்சினின் கன அளவைப் பொறுத்தது. ஓட்டுநரின் வயதைப் பொறுத்தது அன்று. சொந்தச் சேதக் காப்பீட்டுக்கு வண்டியின் அறிவிக்கப்பட்ட மதிப்பு, வண்டியின் வயது, பதிவான மண்டலம் ஆகியவை வழக்கமான அடிப்படைகள். சென்னை உள்ளிட்ட பெருநகரங்கள் கட்டணம் கூடிய மண்டலத்தில் அடங்கும். சொந்தச் சேதக் கட்டணத்தின் மீதான பொதுப் பட்டியல் கட்டுப்பாடு 2007 சனவரி 1 முதல் தளர்த்தப்பட்டது.

இங்கு முதுமை பற்றிய சோதனை உரிமத்தில் நடைபெறுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 55 வயது நிரம்பியோருக்கு உரிமம் ஐந்து ஐந்து ஆண்டுகளாகவே வழங்கப்படுகிறது. 40 வயதைக் கடந்தோர் மருத்துவச் சான்றிதழ் தர வேண்டும். அதாவது, ஒருவர் ஓட்டத் தகுதியுடையவரா என்பதை மருத்துவரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் தனித்தனியே பார்த்து முடிவு செய்கின்றனர்.

2022 சூலையில் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஓட்டும் தொலைவுக்கும் ஓட்டும் முறைக்கும் ஏற்பக் கட்டணம் பெறும் கூடுதல் வசதிகளைச் சொந்தச் சேதக் காப்பீட்டில் அனுமதித்தது. மாதத்துக்குச் சில முறை மட்டும் வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் காரை எடுக்கும் ஓய்வூதியருக்கு இவ்வசதியால் கட்டணம் குறையக்கூடும். வண்டியைப் பற்றிய கேள்விகளிலிருந்து ஓட்டுநரைப் பற்றிய கேள்விகளுக்கு இந்தியக் காப்பீடும் நகரத் தொடங்கியிருப்பதன் அடையாளம் இது. அக்கேள்விகளுள் வயதும் ஒன்றாகும் நாள் வந்தால், அதற்கான தரவை யார் காட்ட வேண்டும் என்ற அயர்லாந்தின் கேள்வி இங்கும் எழும்.